கணவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கப் போகிறார்: என் சம்பளம், நகை, வீடு என்ன ஆகும்?

நொய்யல்கரை
ஞாயிறு, இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுத வேண்டிய நிலைமை. திருப்பூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் 18 தையல் மிஷின் போட்டு பவர்டேபிள் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை, கைக்கு 46,000 வருகிறது. கல்யாணமாகி 12 வருஷம், இரண்டு பிள்ளைகள்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் இவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி பீஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்னாலேயே கடன் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பேங்கில் 15 லட்சம், மிஷினுக்கு ஃபைனான்ஸில் 6 லட்சம், நூல் எலாஸ்டிக் கடைகளில் 2 லட்சம், கைமாற்றும் வட்டிக்கடனுமாக 11 பேரிடம் 17 லட்சம். ஆக 40 லட்சம்.

அவருடைய பெரியப்பா ஒருவர் வந்து "ஐ.பி. போட்டுடு, மஞ்சக் கடுதாசி போனா யாரும் வாசலுக்கு வரமாட்டாங்க" என்கிறார். ஐ.பி. என்றால் கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனுவாம், கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் அந்த நோட்டீஸைத்தான் மஞ்சள் கடுதாசி என்கிறார்கள். கூடவே, காங்கேயம் பக்கம் அவர் பங்குக்கு வந்த 40 சென்ட் காட்டை இப்போதே என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வைக்கச் சொல்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய் பேப்பரில் மட்டும் விவாகரத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரே வீட்டில் இருங்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

என் அப்பா 2013ல் என் பெயருக்கு எழுதிக்கொடுத்த இடத்தில்தான் வீடு கட்டியிருக்கிறோம். கல்யாணத்துக்குப் போட்ட 42 பவுனில் 30 பவுன் அடமானத்தில், ரசீது அவர் பெயரில். என் சம்பளத்தைப் பிடிப்பார்களா? வீடு போகுமா? பெண்டாட்டி என்பதற்காகவே இந்தக் கடன் எல்லாம் என் தலையில் விழுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.


கடன்பேரேடு
திங்கள், காலை 6.20

அம்மா, நான் 31 வருஷம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்க வேண்டும். விழாது. நம் ஊர்ச் சட்டத்தில் தாலி கட்டியதால் கணவன் கடன் மனைவி கடன் ஆவதில்லை. கோவா மாதிரி சில இடங்களில் மட்டும் போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இன்னும் இருக்கிறது, அங்கே தம்பதிக்குச் சொத்து பொது. மற்ற இடங்களில் அவர் சொத்து அவருடையது, உங்கள் சொத்து உங்களுடையது, கடனும் அப்படியே. சிபில் என்கிற கடன் வரலாற்று அறிக்கைகூட கல்யாணத்தால் ஒன்று சேராது.

ஆனால் நீங்கள் ஒன்றைச் சொல்லவில்லை. பேங்கில் அந்த 15 லட்சத்துக்கு எங்கேயாவது கையெழுத்துப் போட்டீர்களா? வீட்டுக்கடன் யார் யார் பெயரில்? நான் மேஜையில் இருந்த காலத்தில், தொழில் கடன் கேட்டு வருகிறவரிடம் "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ஒரு சைன் மட்டும்" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்கள் 20 பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு காபி குடித்துவிட்டுப் போவார்கள். உட்கார வைத்து இது ஜாமீன் பத்திரம், அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் என்று நான் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. அது இப்போதும் உறுத்துகிறது. அதனால்தான் முதலில் இதைக் கேட்கிறேன்.


நொய்யல்கரை
திங்கள், காலை 7.05

ஐயா, போட்டிருக்கிறேன். 2019ல். இன்றைக்குக் காலையில் அவரிடம் கேட்டேன், "ஆமா, கேரண்டர்னு போட்ட" என்றார். சம்பளச் சீட்டும் கொடுத்தேன் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கடன் இரண்டு பேர் பெயரிலும், அதை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம், இன்னும் 9 லட்சம் இருக்கிறது. மற்ற கடனில் எதிலும் என் கையெழுத்து இல்லை.


கடன்பேரேடு
திங்கள், காலை 7.40

சரி. அப்படியானால் உங்கள் 40 லட்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். 25 லட்சத்துக்கு உங்களுக்குச் சம்பந்தமே இல்லை, யார் வாசலில் நின்று கத்தினாலும் இல்லை. 15 லட்சத்துக்கு நீங்களும் அவரும் ஒன்று. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு சொல்கிறது. அவரிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று கிடையாது.

இதில் உங்கள் பெரியப்பா சொல்லாத விஷயம் ஒன்று. உங்கள் கணவர் ஐ.பி. போட்டு கோர்ட்டில் கடனிலிருந்து விடுதலை வாங்கினாலும் அந்த விடுதலை அவருக்கு மட்டும்தான். கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டவரையும் ஜாமீன் நின்றவரையும் அது விடுவிக்காது. அதற்கு அப்புறம் பேங்க் திரும்பிப் பார்ப்பது உங்கள் சம்பளத்தைத்தான்.

சம்பளக் கணக்கு அதே பேங்கில் இருக்கிறதா? இருந்தால் வேறு பேங்குக்கு மாற்றப் பாருங்கள். ஏய்ப்பதற்காகச் சொல்லவில்லை. கணக்கில் விழுந்த பணத்தை பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை பேங்குக்கு உண்டு, ஒரு மாதம் முழுச் சம்பளமும் போய்விட்டால் பிள்ளைகளுக்குச் சோறு எப்படி? கோர்ட் மூலமாகப் பிடித்தால் அதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை வக்கீல் யாராவது சொல்லட்டும்.


சப்கோர்ட்வாசல்
திங்கள், இரவு 9.15

ஈரோடு பக்கம் வக்கீல் தொழில் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மஞ்சள் கடுதாசியைப் பற்றி ஊரில் இருக்கிற தப்பான நம்பிக்கை அவ்வளவு.

சம்பளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பேங்க் வழக்குப் போட்டு உங்கள் மேல் டிக்ரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பு, வாங்கினாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. உங்கள் 46,000ஐ அப்படியே கணக்குக்கு எடுத்தால் மாதம் அதிகபட்சம் 15,000 பிடிக்கலாம். அதுவும் ஒரு டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான், அதற்கு மேல் அதே டிக்ரிக்காகப் பிடிக்க முடியாது. பி.எஃப். பணத்தைத் தொட முடியாது. பணம் கட்டவில்லை என்பதற்காகப் பெண்ணைச் சிவில் சிறையில் வைக்கவே முடியாது, 56ஆம் பிரிவு. உங்கள் கணவரையும், கையில் வசதி வைத்துக்கொண்டு ஏமாற்றினார் என்று காட்டினால்தான் முடியும். 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஏழ்மை குற்றமில்லை.

அதே 60ஆம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். கடன்பட்டவர், அவர் மனைவி, பிள்ளைகள் இவர்களின் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, அப்புறம் மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. தாலியை எவனும் கேட்க முடியாது, அது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

இப்போது ஐ.பி. உங்கள் ஊருக்கு 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை நகரத்துக்கு மட்டும் 1909ஆம் வருஷத்துச் சட்டம், அங்கே உயர் நீதிமன்றம். 2016ல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்பார்கள், ஆனால் அதில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கணவருடையது தனி உரிமையாளர் தொழில் என்றால் பழைய சட்டம்தான்.

அதில் மனுப் போட்ட அன்றைக்கே கடன் அழிந்துவிடாது. கடன் கொடுத்த எல்லோர் பெயரும் எல்லாச் சொத்தும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். கோர்ட் நொடித்தவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்து முழுக்க கோர்ட்டின் கைக்கோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். விடுதலை உத்தரவு வாங்கும் வரைக்கும் அவருக்குப் புதிதாக எது வந்தாலும், நாளைக்கு அவர் அம்மா காலமாகி ஒரு பங்கு வந்தாலும், அதுவும் ரிசீவருக்கே. கோர்ட் குறித்த காலத்துக்குள் விடுதலை மனுப் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும், கடன் எல்லாம் பழையபடி எழுந்து நிற்கும். மஞ்சள் கடுதாசி அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் விழுவது இங்கேதான். விடுதலையே கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடி செய்து வாங்கிய கடன், மனைவிக்கான ஜீவனாம்ச உத்தரவு இவை போகாது. செக் பவுன்ஸ் வழக்கு கிரிமினல், அது தன் பாட்டுக்குத் தனியாக நடக்கும். வெற்றுச் செக் எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறார் என்று இன்றைக்கே கேளுங்கள்.

40 சென்ட் விஷயம். தயவுசெய்து எழுதாதீர்கள். ஐ.பி. மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் இனாமாக எழுதிக் கொடுத்ததை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். அது போக, கடன் கொடுத்தவர்களை ஏய்க்க எழுதிய பத்திரத்தைச் சொத்து மாற்றுச் சட்டம் 53ஆம் பிரிவில் அவர்களில் யாரும் எதிர்க்கலாம். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தேதி பல்லை இளிக்கும். அதை விடக் கெடுதல், மறைத்தவர் என்ற பெயர் வந்தபின் கோர்ட் அவர் சொல்லும் உண்மையையும் நம்பாது, உங்கள் அப்பா கொடுத்த இடத்தின் மேலும் சந்தேகம் திரும்பும். பேப்பர் விவாகரத்தும் அப்படித்தான். பரஸ்பர சம்மதத்துக்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தோம் என்று கோர்ட்டில் பிரமாணம் செய்ய வேண்டும், நீங்கள் ஒரு ஆசிரியை, பொய்ப் பிரமாணம் உங்களுக்கு எதற்கு?


இருபதுவட்டி
செவ்வாய், காலை 10.30

எல்லோரும் கடன் வாங்கியவர் பக்கத்திலிருந்தே எழுதுகிறீர்கள். நான் கொடுத்தவன். என் நண்பனுக்கு 2017ல் நாலு லட்சம் கொடுத்தேன், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது, வட்டிகூடக் கேட்கவில்லை. ஒரு நாள் கோர்ட் நோட்டீஸ் வந்தது. திறந்து பார்த்தால் எதிர்மனுதாரர் 23 பேர், அதில் 14ஆவது நான். சொத்துப் பட்டியலில் ஒரு சைக்கிள், பாத்திரம், கட்டில். ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்னால்தான் அவன் வீட்டை மனைவி பெயருக்கு எழுதியிருந்தான். கோர்ட்டுக்கு நடந்து அந்தப் பத்திரத்தை எதிர்க்க எனக்குத் தெம்பில்லை. இப்போதும் அவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், கடைவீதியில் பார்த்தால் அந்தத் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு போகிறது. அவள் என்ன செய்வாள், எழுதியது அவன்.

நொய்யல்கரை அம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 11 பேரில் என்னைப் போல ஒருத்தன் இருப்பான், அவனிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லுங்கள். எனக்குப் பணம் போனதை விட அவன் முகம் காட்டாமல் தபாலில் சொன்னதுதான் ஆறவில்லை.


ஆறாம்நம்பர்தறி
செவ்வாய், இரவு 8.10

மேலே எழுதிய அண்ணனுக்கு, நான் அந்தத் தபாலை அனுப்பியவன். உங்களுக்கு இல்லை, என்னுடைய ஒன்பது பேருக்கு. 2012ல் தறி நொடித்து ஐ.பி. போட்டேன். முழுசாக நடந்து விடுதலை வாங்க ஏழு வருஷம். அதுவரை ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் நான் நொடித்தவன் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், சொல்லாமல் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. மளிகைக் கடையில் அதைச் சொல்ல வாய் வராமல் என் மனைவியே முன்னால் போய் அவள் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டாள்.

பணத்தை விடுங்கள், வீட்டுக்குள் என்ன ஆனது என்று சொல்கிறேன். முன்பு நான் சம்பாதித்தேன், அவளுக்குக் கணக்கே தெரியாது. ஐ.பி.க்குப் பின் எல்லாம் அவள் பெயரில். வாடகை ஒப்பந்தம், கேஸ், பிள்ளை ஃபீஸ், வண்டி. அவள் தையல் வேலைக்குப் போய் கொண்டுவந்த பணத்தை என்னிடம் நீட்டும்போது நான் வாங்காமல் சண்டை போட்டேன், இரண்டு வருஷம் அப்படிப் போனது. அவள் ஒரு நாள் "கடன் உங்களதுன்னு கோர்ட்டு சொல்லுச்சு, கஷ்டம் ரெண்டு பேருதுன்னு நான் சொல்றேன்" என்றாள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தோம். இன்றைக்கும் எழுதுகிறோம்.

நான் செய்த ஒரே நல்ல காரியம் 2006ல் ஒரு எல்.ஐ.சி. பாலிசியை மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தது. ஏஜென்ட் சொன்னார், டிக் அடித்தேன், விவரம் தெரியாது. அந்தப் பாலிசி மனைவி பிள்ளைகளுக்கான அறக்கட்டளை மாதிரியாம், ரிசீவர் கேட்கவில்லை. எடுக்கும்போதே அப்படி எடுக்க வேண்டும், பின்னால் மாற்ற முடியாது. தொழில் செய்கிற தம்பிகள் இதைக் கவனியுங்கள்.


வளையல்ஓசை
செவ்வாய், இரவு 10.45

அக்கா, உங்கள் நகையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பட்டது, அதனால் சொல்கிறேன். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்டது சீதனம், உங்களுடையது மட்டும். 1985லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024லும் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், கஷ்டத்துக்குக் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்று சொல்லி 25 லட்சம் கொடுக்க வைத்தது. ஆனால் அடமான ரசீது அவர் பெயரில் இருந்தால் அது உங்கள் நகை என்று காட்டுவது உங்கள் வேலை. கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், உங்கள் அப்பா எழுதிய பட்டியல், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். நான் என்னுடைய 26 பவுனை அப்படி நிரூபிக்க முடியாமல் ஏலத்தில் விட்டேன். அம்மா பில்லை எல்லாம் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்.

அப்புறம் வசூலுக்கு வருகிறவர்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளிக்கு வந்து நின்றால் பயப்படாதீர்கள், தேதி நேரம் எழுதி வைத்துப் புகார் கொடுங்கள். கந்துவட்டிக்கு 2003லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது.


முகூர்த்தநாள்
புதன், மதியம் 1.20

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை அப்பா ஐ.பி. போட்டவர் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கடன் மகனுக்கு வருமா?


சப்கோர்ட்வாசல்
புதன், மாலை 6.00

வராது தங்கை. அப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய தர்மக் கடமை, 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியதற்குப் பிறகு வாங்கிய கடனுக்குக் கிடையாது. அவர் இறந்தால் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும்தான் வாரிசுகள் பொறுப்பு. மகன் எங்காவது ஜாமீன் போட்டிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள், அவர் மூலமாகவே கேளுங்கள்.


நொய்யல்கரை
அடுத்த ஞாயிறு, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இருபதுவட்டி அண்ணன் எழுதியதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார், அரை மணி நேரம் கழித்து வந்தார்.

காட்டை எழுதவில்லை. விவாகரத்துப் பேச்சு இனி வேண்டாம் என்று பெரியப்பாவிடம் அவரே சொல்லிவிட்டார். கோர்ட் வளாகத்தில் இருக்கிற இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனோம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே உதவி உண்டு என்று அங்கே போனபின்தான் தெரிந்தது. அந்த வக்கீலும் முதலில் கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், 40 சென்ட்டையும் மிஷினையும் விற்று எல்லோருக்கும் விகிதப்படி கொடுக்க முடியுமா பாருங்கள், பேங்கில் ஒரே தவணையில் தீர்க்கக் கேளுங்கள், அதில் என் ஜாமீனையும் சேர்த்து முடித்தோம் என்று எழுத்தில் வாங்குங்கள், ஒத்துவராவிட்டால் ஐ.பி. இருக்கவே இருக்கிறது என்றார். சம்பளக் கணக்கை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். நகை பில் 28 பவுனுக்குக் கிடைத்திருக்கிறது.

பட்டியல் எழுத இரண்டு இரவு ஆனது. 11 பேர் என்று சொன்னவர் கடைசியில் 12ஆவதாக ஒரு பெயர் சொன்னார். என் தம்பி. ஒன்றரை லட்சம், போன வருஷம் எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறான். அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். அவனுக்கு மட்டும் முதலில் கொடுத்துவிடலாமா?


சப்கோர்ட்வாசல்
அடுத்த ஞாயிறு, இரவு 11.10

கொடுக்காதீர்கள் அம்மா. நாளைக்கே ஐ.பி. போடுகிற நிலை வந்தால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததை ரிசீவர் திரும்பக் கேட்பார். உங்கள் தம்பியிடம் போய்க் கேட்பார். பட்டியலில் மற்றவர்களோடு சேர்த்தே எழுதுங்கள்.


நொய்யல்கரை
அடுத்த ஞாயிறு, இரவு 11.25

சரிங்க. எழுதிவிட்டேன். அவனிடம் நாளைக்கு நானே பேசுகிறேன், அவர் பேசினால் அவன் "பரவாயில்ல மாமா" என்று சொல்லிவிடுவான்.